ஆட்சேபணை இல்லை

அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்திருங்க சார், சாரல் உள்ள அடிக்கி. நான் நனைஞ்சா நனைஞ்சிட்டுப் போறேன், மடியில முக்கியமான பேப்பரு இருக்கு. நீங்களும் மதுரைதானா? நல்லதாப் போச்சு. பதினொண்ணுக்கெல்லாம் மாட்டுத்தாவணியில எறக்கி விட்ருவானா இவன்? சாத்தூரத் தாண்டவே இந்த உருட்டு உருட்டுதான். பன்னெண்டு மணிக்குள்ள நான் ஒரு மில்லு ஆபீஸ்ல போய் நிக்கணும். பன்னெண்டே கால்னா எல்லாம் முடிஞ்சிது. எனக்கு இல்ல சார், எனக்கு என்ன முடியப் போவுது. ஒரு பயலுக்கு. கொம்பையான்னு பேரு, இருபத்திரெண்டு வயசு. அந்த மில்லுல அவனுக்கு வேலை கெடைக்கணும். இல்லன்னா இன்னைக்கு மூணு மணிக்குத் திருச்செங்கோட்டுல போர்வெல் லாரியில ஏறிச் சத்தீஸ்கருக்குப் போயிருவான். ஏறிட்டான்னா பத்து மாசத்துக்கு எறங்க முடியாது. எறங்கும்போது கையில எத்தன வெரலு மிச்சம் இருக்கும்னும் சொல்ல முடியாது. காலையில இருந்து எனக்கு ஒரு காப்பி கூட எறங்கல.

சொந்தக்காரப் பயலான்னு கேக்கீகளா? சொந்தமெல்லாம் இல்ல. எங்க டீமுல பாடிப் போறவன். கபடி சார், கபடி. டிவியில பாத்துருப்பீக, மெத்தை விரிச்சு, லைட்டு போட்டு, பொம்பளப் புள்ளைக ஆடிக்கிட்டு. அது வேற. எங்களுது செம்மண்ணுல. விழுந்தா முட்டி தேயும், எந்திரிச்சா மறுபடியும் விழணும்.

எம்பேரு ஆவுடையப்பன். கோவில்பட்டிக்கு மேக்க பத்து கிலோமீட்டர்ல வடக்குப் பருத்திகுளம்னு ஊரு. கோவில்பட்டின்னாலே எல்லாரும் ஹாக்கிம்பாங்க. எங்க ஊருல ஹாக்கி மட்டைய வச்சு மாடு கூடப் பத்த மாட்டோம். கபடிதான். செவ்வானம் கபடிக் குழு, நாப்பது வருசத்துக் குழு. மைதானத்துக்கு நேர் எதுக்க என் ஜெராக்ஸ் கடை. டைப்பிங்கு, லேமினேசன், பிரிண்டு எல்லாம் உண்டு. குழுவுல எனக்குப் பதவின்னு ஒண்ணும் கெடையாது. ஆனா பதவியில இருக்கவனுக்குத் தெரிஞ்சத விட எனக்குக் கூடத் தெரியும். எந்தப் பயலுக்கு எந்த முட்டி வலிக்கின்னு டாக்டருக்கு முன்னால எனக்குத் தெரியும்.

தை பொறந்தா எங்களுக்கு மேட்ச்சு. ஆனி வரைக்கும் ஊரு ஊரா கோயில் கொடை, டோர்னமெண்டு, ஓயாது. ஐப்பசி கார்த்திகை வந்தா மைதானம் சேறாக் கெடக்கும், ஆட்டம் கெடையாது. ஜனங்க நெனைக்கும், சரி, மழைக்காலம், ஒண்ணும் நடக்கலன்னு. அப்பத்தான் சார் எல்லாமே நடக்கும். ஆளு மாத்து. இவன விட்டு அவன எடுக்கது, அவனக் குடுத்து இவன வாங்கது. ஆட்டம் நடக்கும்போது தோத்தாக் கூட எனக்குத் தூக்கம் வந்துரும். இந்த ஆளு மாத்து நடக்க ரெண்டு மாசமும் எனக்குக் கண்ணு மூடாது.

இந்த வருசம் என்ன செஞ்சாகன்னு கேளுங்க. பரமுன்னு ஒருத்தன், எடது ஓரத்துல நிப்பான், ஒம்பது வருசமா எங்க ஆளு. பாடி வாறவன் கணுக்கால அவன் பிடிச்சான்னா பிடிச்சதுதான். விசிலு ஊதின பெறவும் விடமாட்டான், நாமதான் போய் வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு விடணும். அவனக் கொண்டு போய் கயத்தாறு டீமுக்குக் குடுத்துட்டாக. பதிலுக்கு ரெண்டு சின்னப் பயலுவ. ஒருத்தனுக்குத் தலைமுடி கலையக் கூடாது. இன்னொருத்தனுக்கு வெயிலு ஆகாதாம். வெயிலு ஆகாதவன் கரிசக்காட்டுல எதுக்குப் பொறந்தாங்கேன்!

அதோட விட்டாகளா? தேனிப் பக்கத்துல இருந்து ஒரு ஆளக் கொண்டாந்தாக. உருவம்னா உருவம், ஜிம்முல வளத்த ஒடம்பு. பாடச் சொன்னா நாலு 'கபடி'க்கு மேல மூச்சு போவல. பெரிய ஆளு வேணும்னா எங்க வீட்டு பீரோவும் பெரிசாத்தான் இருக்கு, அதக் கொண்டு போய் நடுவுல நிப்பாட்டுங்களேன்னு நான் செயலாளருக்கு ஒரு மனு எழுதிட்டேன். திரவியம் அண்ணாச்சிதான் செயலாளரு. தூத்துக்குடியில லாரி செட்டு வச்சிருக்காரு, பாதி நாளு ஊருல இருக்க மாட்டாரு. அதனால குழுவோட லெட்டர்பேடு, சீலு எல்லாம் எங்கடையிலதான் கெடக்கும். அடியில கையெழுத்துப் போட்டு வெறுந்தாளா அஞ்சு எப்பவும் குடுத்து வச்சிருப்பாரு. அவசரத்துக்கு நான் மேட்டர அடிச்சு, சீலு குத்திக் குடுத்துருவேன். அவரு லெட்டர்பேடுலயே அவரத் திட்டி அவருக்கே மனு அனுப்பிருக்கேன். அவரு அதப் படிச்சிட்டுச் சிரிச்சாராம். இவுகளுக்கு எல்லாமே சிரிப்பு.

சரி, அதெல்லாம் போவட்டும்னு நான் ஏன் பொறுத்தேன்? கொம்பையா இருக்கானே. எத்தன ஓட்டை இருந்தாலும் பய பாடிப் போயி நாலு பேரத் தொட்டுட்டு வந்துருவான். போன வருசத்துக்கு முந்தின பங்குனிக் கொடையில பைனலு. கடைசி ஒரு தடவை பாடணும், நாங்க மூணு புள்ளி கீழ. பய கோட்டத் தாண்டுனான். தாண்டுனது தெரிஞ்சுது, திரும்பி வந்தது தெரியல. நாலு பேரு கையத் தூக்கிட்டு வெளிய போறானுவ. நான் மிசின ஓட விட்டுட்டு அப்பிடியே மைதானத்துக்குள்ள ஓடிட்டேன். திரும்பி வந்து பாத்தா யாரோ ஒருத்தரு பட்டா நூத்தி எம்பது காப்பி வெளிய வந்து கெடக்கு. எங்க வீட்டம்மா ஒரு வாரம் பேசல.

அந்தக் கொம்பையாவத்தான் சார் மதுரை மில்லு கேட்டுச்சு. மில்லு பேரு வேண்டாம். அவுககிட்டப் பெரிய டீமு இருக்கு. டீமுல ஆடுறவனுக்கு மில்லுலயே நிரந்தர வேலை, டைம் ஆபீஸ்ல, நெழலுல உக்காந்து பாக்க வேலை. பயலுக்கு அப்பன் கெடையாது. அம்மா சண்முகக்கனி தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கிக்கிட்டு இருக்கா, இருவது வருசமா. சேதி வந்த அன்னைக்கு அவ வேலையில இருந்து நேரா எங்கடைக்கு வந்தா. கடலை மிட்டாய் பாக்கெட்ட நீட்டி, மொத மிட்டாய் உங்களுக்குத்தான் அண்ணாச்சி, எம்மவன் ஆட்டத்த உங்கள மாதிரி பாத்தவுக யாரும் கெடையாதுன்னா. தின்னேன் சார். நான் அத வாங்கித் தின்னேன்.

திரவியம் அண்ணாச்சிகிட்ட மட்டும் அடிச்சுச் சொன்னேன். சும்மா விட்றாதீக, நம்ம ரைடரு சந்தையில சும்மா கெடைக்க சரக்கில்ல. அவுக டீமுல ஆடாம உக்காந்துருக்கவன் ஒருத்தன, எடது ஓரத்துக்கு, நம்ம கொடைக்கு மட்டுமாவது அனுப்பச் சொல்லிட்டு அப்புறம் விடுங்கன்னேன். 'ஏலே ஆவுடையப்பா, ஒரு பய பொழப்பு டே இது, மாட்டுத் தரகுன்னு நெனைச்சியா'ன்னு என்னைய வைதாரு. நியாயத்தச் சொன்னாத் தரகாம்.

இதுல ஒரு சங்கதி இருக்கு. ஒரு கிளப்புல பேரு பதிஞ்சவன் இன்னொரு கிளப்புக்கு ஆடணும்னா, பழைய கிளப்பு ஒரு லெட்டர் குடுக்கணும். இன்னார் உங்களுக்கு ஆடுறதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு. அவ்வளவுதான், ரெண்டு வரி. அத நவம்பர் முப்பதாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள மில்லு ஆபீஸ்ல சேக்கணும். அண்ணாச்சி மாலை போட்டுச் சபரிமலைக்குக் கெளம்புற அன்னைக்கு எனக்குப் போன் பண்ணி, கொம்பையாவுக்கு லெட்டர அடிச்சுக் குடுத்துருடேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னைக்குத் தேதி இருபத்தாறு.

லெட்டரு பய கைக்குப் போனது முப்பதாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு. ஒரு மணி நேரம். வெறும் ஒரு மணி நேரம் லேட்டு. என்ன செய்ய, மழை, கரண்டு இல்ல, நம்ம நேரம்.

என்ன சார் அப்பிடிப் பாக்கீக?

நாலு நாளுமா கரண்டு இல்லைன்னு கேக்கீகளா?

இல்ல... மொத நாளு இல்லதான். மொத நாளு பய வரும்போது இல்ல. நான் மெயின அமத்தி வச்சிருந்தேன். அமத்தணும்னு நெனைச்சு அமத்தல சார், பய மைதானத்தத் தாண்டி வாறது தெரிஞ்சுது, கை தானாப் போயிட்டு. கரண்டு இல்லடே, நாளைக்கு வான்னேன். சரி அண்ணாச்சின்னு போயிட்டான். மறுநாளு மிசின்ல மை தீந்துட்டுன்னேன். சரி அண்ணாச்சி. அவன் வெகுளிப் பய, எதச் சொன்னாலும் நம்பிருவான், மைதானத்துல இருக்க சூட்டிகை வெளிய கெடையாது அவனுக்கு. மூணாம் நாளு என்ன சொல்லன்னு தெரியல. ஷட்டர எறக்கிட்டு உள்ளயே உக்காந்துட்டேன். மத்தியானம் மூணு மணி. வெளிய மழை ஊத்துது. பய வந்து ஷட்டரத் தட்டுதான். 'அண்ணாச்சி... அண்ணாச்சி'ங்கான். நான் மூச்சு விடாம உக்காந்துருக்கேன். பாடிப் போறவன் மூச்ச அடக்குறத வெளிய இருந்து எத்தன வருசம் பாத்துருப்பேன், அன்னைக்கு நான் அடக்கினேன். ரொம்ப நேரம் போகாம நின்னான் சார். ஷட்டருக்கு அடியில அவன் காலு ரெண்டும் தெரியுது, செருப்பில்லாம, சேறோட.

நாலாம் நாளு மதுரைக்குப் போக இனி நேரமில்லன்னு ஆன பெறவு கூப்பிட்டு அனுப்பி லெட்டரக் குடுத்தேன். நல்ல தாளுல, நல்ல எழுத்துல, சீலு கோணாமக் குத்தி. நல்லா இருடேன்னு வேற சொன்னேன். பய என் கால்ல விழுந்தான்.

தப்புத்தான். ஆனா அவனுக்குக் கெடுதல் நெனைச்சு செய்யல, அத நீங்க புரிஞ்சுக்கிடணும். தேதி தாண்டிட்டா இந்த ஒரு வருசம் நம்மகிட்ட இருப்பான், கொடையில ஆடுவான், அடுத்த வருசம் இத விடப் பெரிய எடமா வரும்னு நெனைச்சேன். மில்லு டீமுல இவன மாதிரி பன்னெண்டு பேரு இருப்பானுவ, கொண்டு போய் ஓரமா உக்கார வச்சிருவானுவ. இங்க அவன் ராசா. ராசாவக் கொண்டு போய் டைம் ஆபீஸ்ல உக்கார வைக்கலாமா? நல்லதுக்குத்தான் செஞ்சேன்.

அப்பிடித்தான் மூணு நாளு நெனைச்சிக்கிட்டு இருந்தேன். மறுநாளு பய லெட்டரத் தூக்கிட்டு மதுரைக்குப் போயிருக்கான், தேதி முடிஞ்சிட்டுன்னு திருப்பி அனுப்பிட்டாக. சரி, சாயங்காலம் மைதானத்துக்கு வருவான், ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்லணும்னு நான் டீ எல்லாம் சொல்லி வச்சிருக்கேன். வரல. அடுத்த நாளும் வரல. மூணாம் நாளு எங்க வீட்டம்மா தண்ணிக் கொழாயில சேதி கேட்டுட்டு வந்தா. பய போர்வெல் வேலைக்குப் போறேன்னு திருச்செங்கோட்டுக்கு பஸ் ஏறிட்டான், நாளக்கழிச்சு மூணு மணிக்கு லாரியாம், சண்முகக்கனி தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை ஓடாம அழுதுக்கிட்டு இருக்கான்னு. எனக்கு ஒடனே என்ன தோணிச்சு தெரியுமா? உள்ளத மறைக்கக் கூடாது, சொல்லிருதேன். அப்ப தையில மொத மேட்ச்சுக்கு யாரு பாடுவான்னு தோணிச்சு. தோணினதோட விட்டனா, வாயாலயும் கேட்டுட்டேன். எங்க வீட்டம்மா கையில இருந்த கொடத்த எறக்கி வச்சா. 'உமக்கு டீமுல ஒரு ஆளு கொறையுது. அவளுக்கு வீட்டுல இருக்கதே ஒரு ஆளுதான்யா'ன்னா. தண்ணியத் தூக்கிட்டு உள்ள போயிட்டா. அவளுக்கு நான் செஞ்சது இன்னைக்கு வரைக்கும் தெரியாது. யாருக்குமே தெரியாது. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லுதேன். நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது, அதனால சொல்ல முடியுது.

நேத்து மில்லுக்குப் போன் போட்டேன். பயலோட வேலை ஆர்டர எங்கடையிலதான காப்பி எடுத்தான், நம்பரு அதுல இருந்துச்சு. கிளப்புல இருந்து பேசுதேன்னேன். மேனேஜரு நல்ல மனுசன்தான். 'கபடிச் சங்கத்துல அஞ்சு நாளு கூட வாங்கி வச்சிருக்கேன். லேட்டானதுக்குக் காரணத்தக் கிளப்பு எழுத்துல குடுக்கணும். அந்தப் பையன் ஒண்ணு சொன்னான், நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கேன். நாளைக்குப் பன்னெண்டு மணி வரைக்கும்தான், அதுக்கு மேல இவனுக்குப் பதிலா ஒரு திண்டுக்கல் பையன எழுதிருவேன்'னாரு. எனக்கு உசிரு வந்துட்டு. காலையில எந்திரிச்சு அடிச்சேன். இந்தா பாருங்க. 'கனமழை காரணமாகத் தொடர்ந்து நான்கு நாட்கள் மின்தடை ஏற்பட்டதால், மேற்படி கடிதம் வழங்குவதில் தவிர்க்க இயலாத தாமதம் நேர்ந்தது.' நல்லா வந்துருக்கா? தவிர்க்க இயலாதங்கது நல்லா விழுந்துருக்குல்லா? எத்தன பேருக்கு எத்தன மனு அடிச்சுக் குடுத்துருக்கேன், ஒண்ணு தோத்ததில்ல. இத நீட்டுனா பயலுக்கு வேலை. எனக்கும் ஒரு பாதகம் வராது. அப்பிடியே, மேனேஜரு நல்லாப் பேசுனார்னா, எடது ஓரத்துக்கு ஒரு ஆளு பத்தியும் கேட்டுப் பாப்போம்னு ஒரு பேரு கூட எழுதி வச்சிருக்கேன். சிரிக்காதீக. கேக்கதுல என்ன இருக்கு?

இருங்க சார், போனு. அவந்தான். காலையில இருந்து நாலு தடவை போட்டேன், இப்பத்தான் கூப்பிடுதான்.

அலோ! ஏலே கொம்பையா! எங்கடே இருக்க? திருச்செங்கோட்டு லாரி செட்டுலயா? ஏறிராத. நான் சொல்லுததக் கேளு, ஏறிராத. நான் மதுரைக்குப் போயிக்கிட்டு இருக்கேன், மில்லுக்கு, ஒனக்காகத்தான் டே. மேனேஜரு பன்னெண்டு மணி வரைக்கும் டைம் குடுத்துருக்காரு. லெட்டரு எங்கையில இருக்கு. மழையில நாலு நாளு கரண்டு இல்லைன்னு எழுதிருக்கேன், ஒன் மேல ஒரு சொல்லு வராது... என்ன? ஏன் போகக் கூடாதுங்குத?

யாருகிட்ட சொன்ன? மேனேஜருகிட்டயா? என்னன்னு?

...நீ ஏன்டே அப்பிடிச் சொன்ன?

என்னடே சொல்லுத. எந்தப் புள்ள? ...

...ம். ...ம்.

சரிடே. சரி. நீ மூணு மணி வரைக்கும் மட்டும் ஏறாம இரு. எனக்காக வேண்டாம், ஒங்க அம்மைக்காக இரு. கேக்கா? அங்க மோட்டாரு சத்தமா இருக்கு, கேக்கா ஒனக்கு? கொம்பையா...

வச்சிட்டான்.

கொஞ்சம் தண்ணி இருக்கா சார்? குடுங்க.

அவனுக்குத் தெரியுமாம் சார். மொத நாளே தெரியுமாம். அவன் தெரு முக்குல வரும்போது எங்கடையில லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சாம், அவன் கிட்ட வந்ததும் அணைஞ்சுதாம். ரெண்டாம் நாளு நான் மை இல்லைன்னு சொன்னேன்லா, அவன் படியேறும்போது எங்கடையில இருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் புள்ள ஜெராக்ஸ் எடுத்துட்டு எறங்கிப் போச்சாம். 'தாளு சூடா இருக்குன்னு அந்தப் புள்ள கன்னத்துல வச்சிக்கிட்டுப் போச்சு அண்ணாச்சி'ங்கான். மூணாம் நாளு ஷட்டருக்கு உள்ள நான் இருந்ததும் தெரியுமாம். பெறவு ஏன்டே திரவியம் அண்ணாச்சிகிட்டச் சொல்லல, ஊருல நாலு பேருகிட்டச் சொல்லலன்னு நான் கேக்கல, அவனே சொல்லுதான். நீங்களே குடுத்துருவீகன்னு பாத்தேன் அண்ணாச்சி, உங்களுக்குக் குடுக்க மனசு வரணும்னு நின்னேன்ங்கான்.

தெரிஞ்சுதான் சார் என் கால்ல விழுந்துருக்கான். எல்லாம் தெரிஞ்சு. வெகுளிப் பயன்னு சொன்னேன்லா உங்ககிட்ட. கொஞ்ச நேரத்துக்கு முன்னாலதான் சொன்னேன்.

இன்னும் இருக்கு. ஒண்ணாந்தேதி லெட்டரத் தூக்கிட்டு மதுரைக்குப் போனான்லா, அப்ப மேனேஜரு ஏன் லேட்டுன்னு கேட்டுருக்காரு. தப்பு எம்மேலதான் சார், நான் லெட்டரு கேக்கவே லேட்டாயிட்டு, ஊரு சுத்திக்கிட்டு இருந்துட்டேன்னு சொல்லிருக்கான். என்னையக் காட்டிக்குடுக்க மனசு வரலையாம். இப்ப நான் போயி மழை, கரண்டுன்னு நீட்டுனா, மேனேஜரு என்ன நெனைப்பாரு? ஒண்ணு அவன் பொய் சொல்லுதான், இல்ல கிளப்பு பொய் சொல்லுது. ரெண்டுல எதுன்னாலும் பயலுக்கு வேலை கெடையாது. அதான் அவன் கூடாதுங்கான். நீங்க போகாதீக அண்ணாச்சி, திரும்பிப் போயிருங்க, உங்களுக்கு எதுக்கு அலைச்சலுங்கான். அவன் லாரியில ஏறப் போறவன் சார், எனக்கு அலைச்சல்ங்கான்.

என்னைய நாலு கெட்ட வார்த்தை சொல்லிருந்தா எனக்கு நல்லாருந்துருக்கும். கடைய ஒடைச்சிருந்தாக் கூட நல்லாருந்துருக்கும். அண்ணாச்சி அண்ணாச்சின்னுட்டு வச்சிட்டான்.

இது எந்த ஊரு? திருமங்கலமா? வந்துட்டமா அதுக்குள்ள? இவன் இம்புட்டு நேரம் உருட்டுனான், இப்ப என்ன இந்தப் பறப்பு பறக்கான்.

சார், எனக்கு ஒரு ஒத்தாசை செய்யணும் நீங்க. கிறுக்கன்னு நெனைச்சாலும் பரவால்ல. நீங்கதான் அந்த மேனேஜருன்னு வச்சிக்கிடுங்க. அப்பிடியே உக்காந்துருங்க, ஒண்ணும் பேச வேண்டாம். நான் ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிடுதேன். எனக்கு எழுதத்தான் தெரியும், மத்தவனுக்காக எழுதத்தான் தெரியும்.

'வணக்கம் சார். பருத்திகுளம் கிளப்புல இருந்து வாரேன். எங்க பக்கம் இந்த வருசம் நல்ல மழை...'

இல்ல. மழை வேண்டாம். மறுபடியும்.

'வணக்கம் சார். எம்பேரு ஆவுடையப்பன். எங்க டீமுக்கு இந்தப் பய எம்புட்டு முக்கியம்னு உங்களுக்குத் தெரியாது, அவன் இல்லன்னா எங்களுக்கு...'

பாத்தீகளா? மறுபடியும் டீமுதான் வருது வாயில. சவத்தத் தூக்கிப் போடு. இருங்க சார், போயிராதீக, இருங்க. இதோ.

'சார், லெட்டரு லேட்டானதுக்குக் காரணம் நான். கரண்டு இருந்துச்சு, மிசினு ஓடுச்சு, கையெழுத்துப் போட்ட தாளு எங்கையிலயே இருந்துச்சு. அந்தப் பய கேக்க வேண்டிய நாளுல கேட்டான். மூணு நாளு எங்கடை வாசல்ல வந்து நின்னான். நான் வேணும்னே குடுக்கல. அவன் உங்ககிட்டச் சொன்னது பொய்தான், எனக்காகச் சொன்ன பொய். அதுக்காக அவனத் தள்ளிராதீக. இத என் கைப்பட எழுதித் தாரேன், எங்க செயலாளருக்குப் போன் போட்டும் என் வாயாலயே சொல்லுதேன்.'

சொல்லிட்டேன் சார். சொல்ல வருது.

திரவியம் அண்ணாச்சி சீலு, லெட்டர்பேடு எல்லாத்தையும் வாங்கிருவாரு. வாங்கட்டும். சண்முகக்கனி வாசல்ல வந்து நின்னு மண்ண வாரித் தூத்துவா, அதுவும் நடக்கட்டும். அந்த மைதானத்துல இனி எவனும் என்னைய ஒரு ஓரமாக் கூட நிக்க விடமாட்டான். எங்க டீமு இந்த வருசம் மொத ரவுண்டுலயே தோத்துட்டு வரட்டும் சார். இந்த வார்த்தைய நான் பொறந்ததுல இருந்து சொன்னதில்ல, வேற எவனும் சொல்லிருந்தா அடிச்சிருப்பேன். தோக்கட்டும்.

ஆனா நீங்க மூஞ்ச அப்பிடியே வச்சிருக்கீக. எனக்கு அதப் பாக்கப் பாக்கப் பயமா இருக்கு. பன்னெண்டு ஆக இன்னும் ஒன்றரை மணி நேரந்தான் இருக்கு, அங்க போயி வாய் கொளறிட்டா எனக்கு மறுபடியும் கேக்க ஆளு கெடையாது. கொஞ்சம் சொல்லுங்க சார். என்னையப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் என்ன மாதிரி ஆளுன்னு இப்பத்தான் எனக்கே தெரியுது. நீங்க மேனேஜரா இருந்து, இம்புட்டையும் கேட்டுட்டு, அந்தப் பயலுக்கு அந்த வேலையக் குடுப்பீகளா மாட்டீகளா?